ஒரு மார்க் கேள்விக்கு எதுக்கு இவ்ளோ அலப்பறை

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் கேரளா, அந்தப் பக்கம் தமிழ்நாடு, ஆனா சாயங்காலம் எங்க வீட்டு வராந்தாவுல இங்கிலீஷ் டியூஷனுக்கு வந்து உக்கார்ற புள்ளைங்களுக்கு அதெல்லாம் ஒரு கணக்கே இல்ல. பாதிப்பேரு கேரளா சிலபஸ்ல தமிழ் மீடியம், மீதிப்பேரு பொள்ளாச்சி பக்கமா பஸ் ஏறிப் போயி தமிழ்நாட்டு சிலபஸ் படிக்கிறவங்க. அந்தப் பக்கத்து ஸ்கூல் புள்ளைங்க மிஸ்னு கூப்பிடும், இந்தப் பக்கத்து ஸ்கூல் புள்ளைங்க டீச்சரேன்னு கூப்பிடும், என் நாத்தனார் பொண்ணு மட்டும் அத்தைன்னு கூப்பிட்டுக்கிட்டு ஹோம்வொர்க்ல சலுகை கேக்கும். ஒரு வார்த்தைக்கு முன்னாடி பின்னாடி துண்டு சேத்து இன்னொரு வார்த்தை ஆக்கறதுக்கு பரிட்சையில ஒரே ஒரு மார்க்தான், அதுக்கு எதுக்கு இவ்ளோ நேரம்னு சில வீட்டுல கேக்கறாங்க, அதுக்குத்தான் இது.

பத்தாவது பரிட்சைக்கு ரெண்டு பக்கமும் பேரு எஸ்எஸ்எல்சிதான், பேப்பர்தான் வேற வேற. தமிழ்நாட்டுல இங்கிலீஷ் 100 மார்க், 3 மணி நேரம், 35 வாங்கினா பாஸ். கேரளால எழுத்துப் பரிட்சை 80, மிச்சம் 20 ஸ்கூல்லயே போடுறது, நேரம் ரெண்டரை மணி, அதுக்கு முன்னாடி கூல் ஆஃப் டைம்னு 15 நிமிஷம் குடுப்பாங்க, கேள்வித்தாளப் படிச்சுட்டு மூச்சு விட்டுக்கலாம். அந்த 15 நிமிஷத்த எங்க புள்ளைங்க எப்படி செலவு பண்ணுதுன்னு கேட்டா, முன்னாடி பெஞ்சுல யாரு, ஜன்னலுக்கு வெளிய என்ன நடக்குதுன்னு பாக்குறதுக்குத்தான் சரியா இருக்குதாம்.

நான் எழுத வந்தது அந்தப் பேப்பர்ல ரொம்பச் சின்ன ஒரு மூலையப் பத்தி. தமிழ்நாட்டுப் பேப்பர்ல மொதல்ல 14 ஒரு மார்க் கேள்வி இருக்கும் இல்லீங்களா, சினானிம், ஆன்ட்டனிம், ப்ளூரல், ஃப்ரேசல் வெர்ப்னு வரிசையா போகும், அதுக்கு நடுவுல ஒரு வார்த்தையக் குடுத்து இதுக்கு முன்னாடி எந்த ப்ரிஃபிக்ஸ், இல்லன்னா பின்னாடி எந்த சஃபிக்ஸ் சேரும்னு கேட்டு நாலு சாய்ஸ் போட்டுருப்பாங்க. அன், இன், இம், டிஸ். ஒண்ண டிக் அடிச்சா ஒரு மார்க். அவ்ளோதான். கேரளாப் பேப்பர்ல எடிட்டிங்னு ஒண்ணு வரும், ஒரு பாராவுல தப்பான எடத்துக்கெல்லாம் அடிக்கோடு போட்டுருப்பாங்க, நாம திருத்தணும், அந்தத் தப்பு டென்ஸாவும் இருக்கலாம், வார்த்தையோட உருவமாவும் இருக்கலாம்.

இந்த ஒரு மார்க்குக்கு கைடுல ரெண்டு பக்கம் பட்டியல் இருக்கு. லீகல் இல்லீகல், ரெகுலர் இர்ரெகுலர், பாஸிபிள் இம்பாஸிபிள், அப்பியர் டிஸ்அப்பியர். புள்ளைங்க அத வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கும், அதுவும் ராகத்தோட. ராத்திரி கரண்ட் போனாக்கூட ஒப்பிக்கும். ஆனா ஒரு வாக்கியத்துக்குள்ள அதே வார்த்தைய ஒளிச்சு வெச்சு நிரப்பச் சொன்னா பேனா நின்னுரும்.

போன வருஷம் ஒரு பொண்ணு, கொழிஞ்சாம்பாறை பக்கத்துப் பொண்ணு, நல்லா படிக்கிற பொண்ணுதான், அதுக்கு நான் போட்ட வாக்கியம் இதுதான்: தி வாட்டர் இன் அவர் வெல் இஸ் டேஷ் ஃபார் டிரிங்கிங், ஸோ வீ பை கேன் வாட்டர் எவ்ரி டே. டேஷ்ல போடறதுக்கு ஓரத்துல குடுத்த வார்த்தை சூட். அது கொஞ்ச நேரம் பேனாவக் கடிச்சுட்டு சூட்டபிள்னு எழுதுச்சு. எனக்கு சந்தோஷம்தான், ஏன்னா இஸ்ஸுக்குப் பின்னாடி எப்படிப்பட்ட தண்ணின்னு சொல்ற வார்த்தை வேணும், அட்ஜெக்டிவ் வேணும்னு அதுவா கண்டுபிடிச்சுருச்சு. ஆனா வாக்கியம் முடியலயே. நான் ஒண்ணும் சொல்லாம, உங்க வீட்டுல கேன் தண்ணியா கெணத்துத் தண்ணியா கண்ணுன்னு கேட்டேன். கேன்தான் டீச்சரே, கெணத்துத் தண்ணி உப்பு, பாத்திரம் கழுவத்தான் ஆகும்னு சொல்லிட்டு, சொல்லிக்கிட்டே இருக்கறப்பவே நோட்டத் திரும்பப் பாத்து, சூட்டபிளுக்கு முன்னாடி இருந்த துளியூண்டு எடத்துல யூ என் ரெண்டையும் நசுக்கி நசுக்கி சொருகுச்சு. அன்சூட்டபிள். பின்னாடி இருக்கற பாதி வாக்கியத்தப் படிக்காம விட்டதுதான் மொத்த சமாச்சாரமே.

நான் இந்த மாதிரி பயிற்சிய எடுக்கறது வேற ஒரு பரிட்சையோட பாணியில இருந்து. கேம்பிரிட்ஜ் நடத்துற பி2 ஃபர்ஸ்ட்னு ஒரு பரிட்சை இருக்கு, அதுல ரீடிங் அண்ட் யூஸ் ஆஃப் இங்கிலீஷ் பேப்பர்ல மூணாவது பகுதி முழுக்க வேர்ட் ஃபார்மேஷன்தான். சின்னதா ஒரு பாரா, அதுல 8 கோடிட்ட இடம், கோடிட்ட இடம் இருக்கற வரிக்கு ஓரத்துல பெரிய எழுத்துல ஒரு மூல வார்த்தை, அத இடத்துக்கு ஏத்தாப்புல மாத்தி எழுதணும், சாய்ஸ் கிடையாது, ஸ்பெல்லிங் தப்பினா மார்க்கும் கிடையாது. ஐரோப்பால சில நாடுகள்ல ஸ்கூல் முடிக்கிற பரிட்சையிலயும் இதே மாதிரி கேக்கறாங்க, போலந்துக்காரங்க மத்தூரால இது உண்டு. நம்ம புள்ளைங்க அந்தப் பரிட்சையெல்லாம் எழுதப் போறதில்ல, சரி. ஆனா நாலு சாய்ஸ் குடுத்தா ரெண்டு சாய்ஸ காது கேட்டே தள்ளிரலாம், மிச்சம் ரெண்டுக்கு இங்கி பிங்கி பாங்கி. பாராவுல அது நடக்காது, படிச்சே ஆகணும்.

படிக்கறப்போ என்ன பாக்கணும்னு கேட்டா நான் பெருசா க்ராமர் எல்லாம் எடுக்கறதில்ல. இடத்துக்கு முன்னாடி யாரு பின்னாடி யாருன்னு பாருன்னு சொல்லுவேன். தி-ன்னு முன்னாடியும் ஆஃப்-ன்னு பின்னாடியும் இருந்தா நடுவுல வர்றது நவுனு. வெரி-க்கு அடுத்தாப்புல கோடிட்ட இடம், அதோட வாக்கியம் முடியுது, முன்னாடி இஸ் இருக்குன்னா அட்ஜெக்டிவ். வேலையச் செஞ்ச விதத்தச் சொன்னா வார்த்தைக் கடைசில எல்ஒய். அதுக்கப்புறம் இது ஆமாவா இல்லையா, அத வாக்கியத்தோட மிச்சந்தான் சொல்லும், பட் இருக்கா, ஆல்தோ இருக்கா, கேன் வாட்டர் மாதிரி ஏதாவது துப்பு இருக்கான்னு. ஒண்ணா பலதா, எஸ் போடணுமா, அதையும் பாக்கணும், மெனி-க்குப் பின்னாடி டிஃபிகல்ட்டி-ன்னு எழுதி மார்க்க விட்ட புள்ளைங்க எத்தனையோ. கடைசியாத்தான் ஸ்பெல்லிங். பெரும்பாலான புள்ளைங்க இதத் தலைகீழா செய்யும், மொதல்ல ஸ்பெல்லிங்குக்கு பயப்படும், வாக்கியத்தக் கடைசி வரைக்கும் பாக்கவே பாக்காது.

அப்புறம் அந்த பெரிய கேள்வி, எல்லாப் புள்ளைங்களும் கேக்கறது, அன் எப்ப போடறது இன் எப்ப போடறது. இதுக்கு முழுசா விதி கிடையாது, அத மொதல்லயே சொல்லிடறது நல்லது. அன் இங்கிலீஷோட சொந்தப் பொருள், பழைய இங்கிலீஷ் காலத்துல இருந்தே இருக்கு. இன் லத்தீன்ல இருந்து வந்தது, 1066-ல நார்மண்டிக்காரங்க இங்கிலாந்தப் புடிச்சதுக்கப்புறம் ஃப்ரெஞ்ச் வார்த்தைங்க மூட்டை மூட்டையா உள்ள வந்துச்சு இல்லீங்களா, அந்தக் கூட்டத்தோட சேந்தது. அதனால அன்னு யாரோட வேணும்னாலும் ஒட்டிக்கும், இன்னுக்கு மட்டும் ஜாதி பாக்குற புத்தி, லத்தீன் வார்த்தைன்னாத்தான் ஒட்டும். இதுல வேடிக்கை என்னன்னா ஒரே குடும்பத்துலயே ரெண்டும் வரும். அன்ஈக்குவல், ஆனா இன்ஈக்வாலிட்டி. அனேபிள், ஆனா இன்எபிலிட்டி. அன்ஸ்டேபிள், ஆனா இன்ஸ்டெபிலிட்டி. அன்ஜஸ்ட், ஆனா இன்ஜஸ்டிஸ். பின்னாடி இட்டி மாதிரி லத்தீன் வால் ஒட்டினதும் முன்னாடி தலையும் லத்தீனுக்கு மாறிக்குது. இத நான் சொன்னப்போ ஒரு பையன், அப்ப இங்கிலீஷ்காரனுக்கும் நம்ம ஊரு மாதிரி ரெண்டு பாஷையாங் மிஸ்-னு கேட்டான். இந்த தாலுக்காவுல கடையில தமிழ் பேசி ஆபீஸ்ல மலையாளம் பேசற புள்ளைக்கு அது டக்குனு புரிஞ்சுருச்சு, நான் விளக்கவே வேண்டியிருக்கல.

இம், இல், இர் மூணும் தனி ப்ரிஃபிக்ஸுன்னு கைடுல போட்டு புள்ளைங்கள பயமுறுத்தி வெச்சிருக்காங்க. மூணும் அதே இன்தான். பி, எம் முன்னாடி வந்தா உதடு மூடணும், அதனால இம் ஆயிருது, இம்பேஷன்ட், இம்மெச்சூர். எல் முன்னாடி இல், இல்லீகல், இல்லிட்டரேட். ஆர் முன்னாடி இர், இர்ரெகுலர், இர்ரெஸ்பான்ஸிபிள். இத இங்கிலீஷ் பீரியட்ல புரிய வெக்கறதுக்கு நான் தமிழ்ப் புத்தகத்தத்தான் எடுப்பேன். மரம் கூட்டல் கள் என்ன? மரங்கள். ம் எங்க போச்சு? க-வுக்கு ஏத்தாப்புல ங் ஆயிருச்சு. நல் கூட்டல் நூல்? நன்னூல். புணர்ச்சி விதின்னு தமிழ்ப் பரிட்சைக்கு உருப்போடற அதே புள்ளைங்கதான், வாய் சுலபத்துக்கு எழுத்து மாறும்ங்கற விஷயம் ஏற்கனவே தெரியும், அது இங்கிலீஷ்லயும் நடக்கும்னு யாரும் சொல்லல, அவ்ளோதான். இத ஒரு தடவ பாத்த புள்ளை இல்லீகலுக்கு ரெண்டு எல் போட மறக்காது, ஏன்னா ஒண்ணு இன்னோடது, இன்னொண்ணு லீகலோடது.

இப்ப எனக்குப் புடிச்ச பகுதிக்கு வர்றேன். போன். எல்லா வீட்டுலயும் புள்ளை போன நோண்டுதுன்னு சண்டை நடக்குது, சரி நோண்டட்டும், செட்டிங்ஸத் தொறந்து கண்ணுல படற நீளமான வார்த்தையெல்லாம் எழுதிட்டு வான்னு ஒரு நாள் சொன்னேன். அன்இன்ஸ்டால், ரீஸ்டார்ட், டிஸ்கனெக்ட், அன்பிளாக், அன்மியூட், நோட்டிஃபிகேஷன், பெர்மிஷன், செக்யூரிட்டி, ப்ரைவசி, ரீசார்ஜ் அன்லிமிடெட்னு வந்து குவிஞ்சுருச்சு. வாட்ஸப்ல டிஸ்அப்பியரிங் மெசேஜஸ்னு இருக்கறதப் புடிச்சுட்டு வந்தது ஒரு பையன், கைடுல அப்பியர் டிஸ்அப்பியர்னு ஒப்பிச்சவன்தான், ரெண்டும் ஒண்ணுன்னு அன்னைக்குத்தான் பாத்தான். ஏபிள்ங்கற ஒத்த வார்த்தைக்கு எனேபிள், டிஸேபிள் ரெண்டும் செட்டிங்ஸ்லயே இருக்கு, கூட அனேபிள் டு கனெக்ட்னு எர்ரர் வேற வரும், எங்க ஊர்ல அடிக்கடி வரும், வீட்டு முன்பக்கம் கேரளா டவர், கொல்லப்பக்கம் தமிழ்நாடு டவர்னு சிக்னல் தாவிக்கிட்டே கெடக்கும். ஏபிள், எபிலிட்டி, எனேபிள், டிஸேபிள், டிஸெபிலிட்டி, அனேபிள், இன்எபிலிட்டி. ஒரு குடும்பம் முழுசும் கையில இருக்கற போன வெச்சே வரைஞ்சாச்சு. இந்தக் குடும்பப் படம் வரையறதுதான் ஒப்பிக்கறத விட நல்லதுன்னு நான் நெனக்கறேன், ஏன்னா பரிட்சையில எந்த உறுப்பினரக் கேப்பாங்கன்னு தெரியாது.

போன் மொதல் புத்தகம்னா, ரெண்டாவது புத்தகம் தோட்டத்து ஷெட்டு. இங்க எல்லா வீட்டுலயும் தென்னையோ தக்காளியோ மாமரமோ ஏதோ ஒண்ணு இருக்கு, மருந்தடிக்கற டப்பா இருக்கு. பெஸ்ட்டிசைட், இன்செக்டிசைட், ஃபங்கிசைட், ஹெர்பிசைட், நாலும் புள்ளைங்களுக்குத் தெரிஞ்ச வார்த்தை, அப்பா சொல்லி கடையில வாங்கிட்டு வந்த வார்த்தை. அந்த சைட் லத்தீன்ல கொல்றதுங்கற வேர்ல இருந்து வந்தது, பெஸ்ட்னா பயிரக் கெடுக்கற பூச்சி, அதக் கொல்றது, ஃபங்கஸ்னா பூஞ்சை, அதக் கொல்றது. அதே வால்தான் சூசைட்லயும் ஹோமிசைட்லயும் இருக்குன்னு சொன்னப்போ ஒரு நிமிஷம் யாரும் பேசல. டப்பா மேல விஷத்தோட வீரியத்துக்கு ஏத்தாப்புல செவப்பு, மஞ்சள், நீலம், பச்சைன்னு கலர் போட்டுருப்பாங்க, செவப்புல பாய்சன்னு இருக்கும். பாய்சன், பாய்சனஸ். ஃபெர்ட்டைல், ஃபெர்ட்டிலிட்டி, ஃபெர்ட்டிலைஸ், ஃபெர்ட்டிலைசர், உரமூட்டையிலயே ஒரு குடும்பம் உக்காந்துருக்கு. டப்பாவக் கையில எடுக்காம அப்பாகிட்ட காட்டச் சொல்லிப் படிங்கடான்னு சொல்லித்தான் அனுப்புவேன், அதையும் சொல்லிடறேன்.

நவுனுதான் கஷ்டம். இதுல சமாதானம் சொல்ல ஒண்ணும் இல்ல. லாங் லெங்த், ஸ்ட்ராங் ஸ்ட்ரெங்த், டீப் டெப்த், வைட் விட்த், வார்ம் வார்ம்த், எல்லாம் டிஹெச்ல முடியுதேன்னு நம்பி ஹைக்கு ஹைத்-ன்னு எழுதினா தப்பு, ஹைட், வெறும் டி. (பழைய காலத்து இங்கிலீஷ்ல ஹைத்-ன்னே டிஹெச் போட்டு எழுதியிருக்காங்க, ஆனா அதச் சொல்லி மார்க் வாங்க முடியாது.) ப்ரூவ்-க்கு ப்ரூஃப், பிலீவ்-க்கு பிலீஃப், சக்ஸீட்-க்கு சக்ஸஸ், மெயின்டெய்ன்-க்கு மெயின்டெனன்ஸ், எக்ஸ்ப்ளெய்ன்-ல இருக்கற ஐ எக்ஸ்ப்ளனேஷன்ல காணாமப் போயிரும், ப்ரொனவுன்ஸ்ல இருக்கற ஒரு ஓ ப்ரொனன்ஸியேஷன்ல போயிரும், ஆர்க்யூ-ல இருக்கற ஈ ஆர்க்யூமென்ட்ல போயிரும், ட்ரூ-ல இருக்கற ஈ ட்ரூலி-ல போயிரும். இதுக்கெல்லாம் எழுதிப் பாக்கறது தவிர வழியில்ல. ஆனா நம்ம புள்ளைங்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கு, எழுத்தெல்லாத்தையும் விடாம உச்சரிக்கற பழக்கம். கம்ஃப்டபிள்னு ஸ்டைலா சொல்றவன் ஸ்பெல்லிங்ல ஓவையும் ஆரையும் முழுங்குவான், கம்-ஃபோர்ட்-டே-பிள்னு நீட்டி சொல்ற எங்க ஊரு புள்ளை ஒரு எழுத்தயும் விடாது. இந்த உச்சரிப்பக் கிண்டல் பண்றவங்க பண்ணிக்கட்டும், எழுதறப்போ மனசுக்குள்ள இப்படித்தான் சொல்லிக்கணும்னு நான் சொல்லிக் குடுக்கறேன்.

பொறி வார்த்தைங்க கொஞ்சம் இருக்கு, சுருக்கமா சொல்லிடறேன். ஹார்ட்-க்கு எல்ஒய் போட்டா கஷ்டப்பட்டுன்னு வராது, ஹார்ட்லின்னா அநேகமா இல்லேன்னு ஆயிரும், ஹீ ஹார்ட்லி ஒர்க்ஸ்னு எழுதி நல்ல உழைப்பாளிய சோம்பேறி ஆக்கினவங்க நெறய. ஃப்ரெண்ட்லி, லோன்லி எல்ஒய்ல முடிஞ்சாலும் அட்வெர்பு இல்ல, அட்ஜெக்டிவ். இன்வேல்யுயபிள்னா மதிப்பில்லாததுன்னு நெனச்சுராதீங்க, வெல சொல்லவே முடியாத அளவு மதிப்புள்ளது. வாளையார் வழியா சேலம் கொச்சி ரோட்டுல, அந்த 544-ல, போற டேங்கர் லாரி பின்னாடி ஹைலி இன்ஃபிளேமபிள்னு போட்டுருக்கும், இன் இருக்கே, அப்ப தீப்புடிக்காதுன்னு ஒரு பையன் தைரியமா சொன்னான், ஃபிளேமபிளும் இன்ஃபிளேமபிளும் ஒரே அர்த்தம், அந்த இன் இல்லைங்கற இன் இல்ல. லாரி பக்கத்துல போயி டெஸ்ட் பண்ணிராதடான்னு சொன்னேன்.

ஒரு விஷயம் மட்டும் வருத்தம். ஒரு மார்க்தான, அதுக்கு எதுக்கு இவ்ளோ நேரம், எஸ்ஸேவ உருப்போடச் சொல்லுங்க, அதுல 8 மார்க் வரும்னு சில வீட்டுல சொல்லுவாங்க. கணக்கா பாத்தா அவங்க சொல்றது சரிதான். ஆனா அதே எஸ்ஸேவுல தி இம்பார்ட்டன்ட் ஆஃப் வாட்டர்னு ஆரம்பிச்சு, பீப்பிள் லிவ் ஹேப்பினெஸ்னு முடிக்கற புள்ளைக்கு எத்தன பாரா உருப்போட்டு என்ன, சொந்தமா ஒரு வரி சேக்கப் போனா மாட்டிக்கும். காம்ப்ரிஹென்ஷன்ல தெரியாத வார்த்தை வந்தா அதப் பிரிச்சு மேயத் தெரிஞ்சவன் தப்பிச்சுக்குவான், அன்-ப்ரெ-டிக்ட்-டபிள்னு நாலு துண்டாக்கினா, நடுவுல ஒரு துண்டு தெரிஞ்சாக்கூட பாதி அர்த்தம் வந்துரும். ஒரு மார்க் கேள்விதான், ஆனா அது மத்த 99-க்குள்ளயும் பூந்து பூந்து வருது.

இந்த வருஷம் புதுசா ஒண்ணு செஞ்சு பாக்கறோம். டீக்கடையில பழைய இங்கிலீஷ் பேப்பர் வாங்கி, சின்னச் செய்தியா கிழிச்சு, வார்த்தைங்கள வொயிட்னரால அழிச்சு, ஓரத்துல மூல வார்த்தைய எழுதி, தமிழ்நாட்டு சிலபஸ் ஆளு கேரளா சிலபஸ் ஆளுக்குக் குடுக்கணும், அவங்க இவங்களுக்குக் குடுக்கணும். அழிக்கறப்போதான் எந்த வார்த்தைய அழிச்சா பதில் வரும் எத அழிச்சா வராதுன்னு தெரியுது. நேத்து ஒருத்தன் செய்தி கிடைக்கலன்னு சொந்தமாவே ஒரு வாக்கியம் எழுதிட்டு வந்தான், தி ஓல்ட் பிரிட்ஜ் இஸ் டேஷ், ஓரத்துல யூஸ். என் நாத்தனார் பொண்ணு யூஸ்ஃபுல்னு எழுதுச்சு, இன்னொருத்தி யூஸ்லெஸ், மூணாவது ஆளு அன்யூஸ்டு. மூணு பேருக்கும் சண்டை, எது சரின்னு என்கிட்ட பஞ்சாயத்து.

மூணும் சரி, கேள்விதான் சரியில்ல, இன்னொரு வரி சேருன்னு சொன்னேன். அவன் யோசிச்சு, பிக்காஸ் தேர் இஸ் எ நியூ பிரிட்ஜ் நௌ-ன்னு சேத்தான்.

"யூஸ்ஃபுல் போச்சு, ஆனா யூஸ்லெஸ்ஸும் அன்யூஸ்டும் ரெண்டும் இன்னும் வருதுங் அத்தை," என்றது நாத்தனார் பொண்ணு.

"அப்ப இன்னும் ஒரு வரியா மிஸ்?"

"எழுது."

"பட் கௌஸ் ஸ்டில் வாக் ஆன் இட்-ன்னு போட்டா?"

"மாடு போறதும் யூஸ்தானடா, அப்ப ரெண்டுமே போச்சு, மறுபடி யூஸ்ஃபுல்," என்று அந்தப் பக்கம் இருந்து ஒரு குரல், மறுபடியும் சண்டை ஆரம்பம். அவன் பேப்பரத் திருப்பிப் போட்டு மொதல்ல இருந்து எழுதிக்கிட்டு இருக்கான், இந்தத் தடவ பாலம் வேண்டாமாம், பஸ்ஸாம்.